ஆட்டம் இல்லாத அந்த ஒரு நாள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இப்போதும் மாலை வேளைகளில் எங்கள் வட்டாரத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்து வருகிறேன். வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்லும் மாணவ மாணவியருக்காக விளையாட்டுத் துறையினரிடமும் பள்ளிக் கல்வித் துறையினரிடமும் வைக்க விரும்பும் ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்கவே இதை எழுதுகிறேன். போட்டி அட்டவணையில் எல்லா அணிகளுக்கும் ஆட்டம் இல்லாத ஒரு நாளை, அது முடியாவிட்டால் அரை நாளையாவது ஒதுக்கி, வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அந்த ஊரின் சுற்றுப்புறத்தைக் காட்ட வேண்டும் என்பதே அந்தக் கோரிக்கை.

அண்மையில் ஓர் அரையாண்டு விடுமுறையில், பதினேழு வயதுக்கு உட்பட்ட எங்கள் பெண்கள் அணியுடன் கோவில்பட்டிக்குச் சென்றிருந்தேன். ஹாக்கி மட்டையைத் தொட்டவர்களுக்குக் கோவில்பட்டியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2022 மே மாதம் ஜூனியர் ஆண்களுக்கான தேசிய ஹாக்கிப் போட்டி நடந்த ஊர் அது. அதே ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ஆகிய இருவரும் அந்த ஊரில் பயிற்சி பெற்றவர்கள். அங்குள்ள செயற்கைப் புல் மைதானத்தில் ஆடப் போகிறோம் என்பதே எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஏனென்றால், அவர்கள் தினமும் ஆடுவது கல்லும் முள்ளும் கிடக்கும் பள்ளி மைதானத்தில்.

எங்கள் பிரிவில் ஐந்து அணிகள் இருந்தன. லீக் முறையில் ஐந்து அணிகள் ஆடும்போது ஒவ்வொரு நாளும் ஓர் அணிக்கு ஆட்டம் இருக்காது. அப்படி மூன்றாம் நாள் எங்களுக்கு ஓய்வாக அமைந்தது. யாரும் திட்டமிட்டுக் கொடுத்த நாள் அல்ல அது. சீட்டுக் குலுக்கலில் தற்செயலாகக் கிடைத்தது. வழக்கமாக அப்படிப்பட்ட நாளில் பிள்ளைகள் தங்கியிருக்கும் வகுப்பறையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்கள், துணி துவைப்பார்கள், கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் அன்று காலை ஆறரை மணிக்கு அவர்களை ஒரு வேனில் ஏற்றிக் கழுகுமலைக்கு அழைத்துச் சென்றேன்.

இப்படிச் செய்ய வேண்டும் என்ற எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பணியில் சேர்ந்த புதிதில், ஆண்கள் அணி ஒன்றுக்குத் துணைப் பயிற்சியாளராகத் தஞ்சாவூருக்குச் சென்றேன். நான்கு நாள் அங்கே தங்கினோம். தங்கியிருந்த இடத்தின் மொட்டை மாடியில் நின்றால் பெரிய கோயிலின் விமானம் தெரியும். கடைசி நாள் காலை ஆட்டத்தில் தோற்றுவிட்டோம், ரயில் இரவில்தான். பிள்ளைகள் கோயிலைப் பார்த்துவிட்டு வரலாமா என்று கேட்டார்கள். அணியுடன் வந்திருந்த பொறுப்பாளர், "விளையாட வந்தீர்களா, ஊர் சுற்ற வந்தீர்களா?" என்று அதட்டினார். நானும் வாய் திறக்கவில்லை. பகல் முழுவதும் அந்த மாடியிலேயே இருந்துவிட்டு ரயில் ஏறினோம். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த அணியில் இருந்த ஒருவரை அவருடைய மகனின் பள்ளிச் சேர்க்கையின்போது சந்தித்தேன். "சார், தஞ்சாவூருக்குப் போயிருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்வேன். ஆனால் பெரிய கோயிலை இதுவரை உள்ளே போய்ப் பார்த்ததில்லை" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சொல் என் மனத்தைவிட்டு இன்றுவரை அகலவில்லை.

கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் கழுகுமலை இருக்கிறது. ஊரைத் தாண்டியதும் இருபுறமும் கரிசல் காடு விரிந்தது. எங்கள் பிள்ளைகள் கரும்பும் நெல்லும் விளையும் பகுதியிலிருந்து வந்தவர்கள். கறுப்பு மண்ணை அவர்கள் பாடப் புத்தகத்தில் மட்டுமே அறிந்திருந்தார்கள். மார்கழி மாதமானதால் மக்காச்சோளமும் உளுந்தும் பச்சையாக நின்றன. வேனை ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னேன். முதல் நாள் பெய்த தூறலில் மண் நெகிழ்ந்திருந்தது. இறங்கிய பிள்ளைகளின் காலணிகளில் அது களிபோல அப்பிக்கொண்டு உதறினாலும் விழாமல் ஒட்டியிருந்தது. எங்களுடன் உள்ளூர் அணியைச் சேர்ந்த இரண்டு மாணவியரும் வந்திருந்தனர். கோடையில் இந்த நிலம் பாளம் பாளமாக வெடித்துவிடும் என்றும், மழை நின்ற பிறகும் மண் பிடித்து வைத்திருக்கும் ஈரத்திலும் பனியிலும் பயிர் விளைந்துவிடும் என்றும் அவர்கள் சொன்னார்கள். அவர்களில் ஒருவரின் தாயார் தீப்பெட்டி ஆலையில் வேலை செய்கிறார். மழை குறைந்து வெயில் மிகுந்த ஊர் என்பதால் தீக்குச்சி நன்றாகக் காயும், அதனால்தான் இந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியது என்பதை அந்தப் பெண்ணின் வாயால் கேட்டபோது, மண்ணும் மழையும் மனிதர்களின் பிழைப்பும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைப் பிள்ளைகள் எந்தப் பாடவேளையிலும் கேட்டிராத கவனத்துடன் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மலையடிவாரத்தில் கழுகாசலமூர்த்தி கோயிலில் முருகனை வணங்கிவிட்டு மேலே ஏறினோம். கடினமான ஏற்றம் இல்லை. பாறைச் சரிவில் சற்று நடந்ததும் வெட்டுவான் கோயில் கண்ணில் பட்டது. கோயில் என்றால் அண்ணாந்து பார்த்தே பழகிய பிள்ளைகள் இதைக் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது. மலையின் மேற்பரப்பிலிருந்து கீழ்நோக்கிச் சுற்றிலும் பாறையை வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் விட்ட ஒற்றைக் கல்லைக் கோயிலாகச் செதுக்கியிருக்கிறார்கள். கி.பி. 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் நடந்த வேலை. சிகரமும் அதைச் சுற்றியுள்ள சிற்பங்களும் முழுமை பெற்றிருக்கின்றன. கீழ்ப்பகுதி வெட்டியும் வெட்டாமலும் நின்றுவிட்டது. உமையோடு அமர்ந்த சிவன், வரிசையாகப் பூதகணங்கள், இவற்றோடு மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தியும் இருக்கிறார். ஆலமரத்தடியில் மௌனமாக அமர்ந்திருப்பவராக மட்டுமே நாம் அறிந்த கடவுள் இங்கே மடியில் மிருதங்கத்தை வைத்துக்கொண்டு தாளம் தட்டுகிறார். எங்கள் கோல்கீப்பர் பெண் பறை அடிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவள். அவள் அந்தச் சிற்பத்தின் விரல்கள் இருக்கும் நிலையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தக் கோயில் ஏன் பாதியில் நின்றது என்பதற்கு ஊரில் ஒரு கதை வழங்குகிறது. மலையின் மேலே மகனும் கீழே தந்தையும் சிற்ப வேலை செய்ததாகவும், மகனின் திறமை தன்னை மிஞ்சுவதைப் பொறுக்காத தந்தை அவனைக் கொன்றுவிட்டதாகவும் அந்தக் கதை சொல்கிறது. உள்ளூர் மாணவி இதைச் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஒருத்தி, "கற்றுக்கொடுத்தவரே பொறாமைப்படலாமா சார்?" என்று என்னைக் கேட்டாள். பயிற்சியாளர்களுக்கான வகுப்புகள் பலவற்றுக்கு நான் சென்றிருக்கிறேன். இந்தக் கேள்வியை அங்கே யாரும் கேட்டதில்லை.

அதே மலையில் சற்று மேலே சமணச் சிற்பங்கள் உள்ளன. பாறையின் முகப்பில் வரிசை வரிசையாகச் சமண சமயக் குருமார்களான தீர்த்தங்கரர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பாகுபலியும் பார்சுவநாதரும் சமணரின் இயக்கியான அம்பிகையும் தனித்தனிப் புடைப்புச் சிற்பங்களாக இருக்கிறார்கள். அவற்றின் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. சிற்பங்களைச் செய்வித்தவர்களின் பெயர்கள் அவை. அந்தக் கல்வெட்டுகளில் குரத்தியர் என்று குறிக்கப்படும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். குரவர் என்றால் ஆசிரியர், குரத்தி என்றால் பெண் ஆசிரியர். ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு இந்தப் பாறையின் நிழலில் பெண்கள் ஆசிரியர்களாக இருந்து மாணவர்களை உருவாக்கியிருக்கிறார்கள் என்பதைப் பதினாறு பெண் பிள்ளைகளிடம் அந்த இடத்திலேயே நின்று சொல்ல வாய்த்தது என் பணிக்காலத்தில் எனக்குக் கிடைத்த பெரும்பேறு என்றே கருதுகிறேன். விளையாட அனுப்புவதற்கே வீட்டில் ஆயிரம் கேள்வி கேட்கப்பட்டு, பாதி நாள் அழுதுதான் அனுமதி பெற்று வந்தவர்கள் அவர்களில் பலர்.

மலை உச்சியிலிருந்து பார்த்தால் கரிசல் நிலம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. மேற்கே மலைத்தொடர் நீலமாக மங்கித் தெரிந்தது. பாறை இடுக்குகளில் மயில்கள் அகவின. அங்கேயே அமர்ந்து கொண்டுபோயிருந்த இட்லியைச் சாப்பிட்டோம். பத்தரை மணிக்கெல்லாம் வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட்டோம். திரும்பும் வழியில் கடலை மிட்டாய் வாங்கினோம். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைப் பற்றி உணவுக் கட்டுப்பாட்டில் நம்பிக்கை உள்ள பயிற்சியாளர்கள் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. நிலக்கடலையும் வெல்லமும் ஓடியாடும் பிள்ளைக்கு நல்ல உணவுதான்.

எட்டயபுரத்துக்குச் செல்ல எங்களுக்கு நேரம் இல்லாமல் போனதை எண்ணி வருந்துகிறேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே ஏறக்குறைய 15 கிலோமீட்டரில் உள்ள அந்தச் சிற்றூரில்தான் 1882இல் பாரதியார் பிறந்தார். உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் மறைந்ததும் அதே ஊரில்தான். ஒரே தெருக்கூட்டத்துக்குள் இத்தனையையும் வைத்திருக்கும் ஊரைத் தொட்டுக்கொண்டு, எத்தனையோ மாவட்டங்களின் பிள்ளைகள் ஆண்டுதோறும் மைதானத்துக்கும் தங்குமிடத்துக்கும் மட்டுமே நடந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படும் காரணங்களை நான் அறிவேன். முதலாவது, பிள்ளைகள் களைத்துப்போவார்கள் என்பது. உடற்கல்வி ஆசிரியன் என்ற முறையில் இதற்கு விடை சொல்லும் பொறுப்பு எனக்கு உண்டு. அடுத்தடுத்து இரண்டு நாள் ஆடிய கால்களுக்கு, நாள் முழுவதும் படுத்துக் கிடப்பதைவிட மெதுவான நடையே இறுக்கத்தைக் குறைக்கும். செல்ல வேண்டியது காலை நேரத்தில். தண்ணீர் கையில் இருக்க வேண்டும். முக்கியமான ஆட்டத்துக்கு முந்தைய நாள் செங்குத்தான மலை ஏறக் கூடாது. பிற்பகலில் கட்டாயம் உறங்க வேண்டும். இவ்வளவைக் கடைப்பிடித்தால் போதும். மறுநாள் நடந்த ஆட்டத்தில் எங்கள் பிள்ளைகள் ஒருவருக்கும் தசைப்பிடிப்பு வரவில்லை. அந்த ஆட்டத்தில் நாங்கள் ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தோற்றோம் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். எங்களை வென்ற அணி எங்களைவிட நன்றாகப் பெனால்டி கார்னர் எடுத்தது. அதற்குக் கழுகுமலை காரணம் அல்ல.

பாதுகாப்பு என்பது இரண்டாவது காரணம். பெண் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது இது உண்மையான கவலை. ஆனால் இந்தக் கவலை பயணத்தைத் தடுப்பதற்குப் பயன்படுகிறதே தவிர, பயணத்தை ஒழுங்காக நடத்துவதற்குப் பயன்படுவதில்லை. பெற்றோரிடம் வாங்கும் ஒப்புதல் கடிதத்திலேயே செல்லும் இடத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு, பெண் ஆசிரியர் ஒருவர் உடன் வருவதை உறுதிசெய்து, உள்ளூர்ப் பள்ளிக்கும் தெரிவித்துவிட்டால் அச்சத்துக்கு இடம் குறைவு. இன்று ஒரு பயிற்சியாளர் தன் சொந்தப் பொறுப்பில் அழைத்துச் சென்று ஏதேனும் ஆகிவிட்டால் பழி முழுவதும் அவர் தலையில் விழும். அதனால்தான் பலரும் அந்த முயற்சியில் இறங்குவதில்லை. நிகழ்ச்சி நிரலிலேயே அந்தப் பயணம் இடம்பெற்றால் பயிற்சியாளருக்கும் துணை இருக்கும்.

செலவைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. வேன் வாடகையை நாங்கள் ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொண்டோம். கொடுக்க இயலாத பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுக்காகவே இது அரசின் ஏற்பாடாக இருக்க வேண்டும் என்கிறேன்.

முன்மாதிரியும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2022இல் மாமல்லபுரத்தில் 44ஆவது செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது, பதினொரு சுற்றுகளுக்கு இடையே ஆகஸ்டு 4ஆம் நாள் ஓய்வு நாளாக விடப்பட்டிருந்தது. உலகம் முழுவதிலுமிருந்து வந்த வீரர்களுக்குக் கிடைத்த அந்த ஒரு நாளை நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குத் தரக் கூடாதா? 2025 நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பை ஹாக்கிப் போட்டி சென்னையிலும் மதுரையிலும் நடந்தது; 24 நாட்டு அணிகள் வந்தன. அதற்காக மதுரையில் எழுந்த மைதானத்தில் இனி ஆண்டுதோறும் மாவட்ட அணிகள் ஆடும். மதுரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. அரிய வல்லூறுகள் கூடு கட்டும் குன்றுகள், மழை நீரைத் தேக்கும் ஏரிகளும் சுனைகளும், தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்துள்ள சமணர் குகைத்தளம், பாண்டியர் காலத்துக் குடைவரைச் சிவன் கோயில் ஆகியவை அங்கே ஒரே நடையில் பார்க்கக் கூடியவை. இயற்கையும் பண்பாடும் தனித்தனிப் பாடங்கள் இல்லை என்பதை அந்த மலை தானே சொல்லிவிடும். தன் மண்ணைக் காக்கத் திரண்டு நின்ற ஊர் மக்களும் அங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பிள்ளைகளோடு நடந்து வந்து பேசினால் வேறு வழிகாட்டியே வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். முதலமைச்சர் கோப்பை, குடியரசு தின விளையாட்டுப் போட்டிகள் போன்ற பல நாள் நடக்கும் மாநிலப் போட்டிகளில், போட்டி நடக்கும் ஊரைச் சுற்றி முப்பது கிலோமீட்டருக்குள் ஓரிடத்தை மாவட்ட நிர்வாகம் தேர்ந்தெடுத்து அணிகளுக்கு முன்கூட்டியே தெரிவிக்கட்டும். உள்ளூர்ப் பள்ளி ஒன்றின் மாணவர்களே வழிகாட்டிகளாக வரட்டும். கழுகுமலையில் எங்களுக்கு வழிகாட்டிய இரண்டு பெண்களும் மறுநாள் எங்களுக்கு எதிராக ஆட வேண்டியவர்கள். மலையில் பாதுகாப்பாகக் கைப்பிடித்து ஏற்றிவிட்ட பெண்ணை மறுநாள் மைதானத்தில் மட்டையால் தட்டிவிட எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது என்பதை நான் கண்ணால் கண்டேன். ஆட்டம் கடுமையாகத்தான் இருந்தது, ஆனால் முறையற்ற தடுப்பு ஒன்றுகூட இல்லை.

இதோடு ஒரு கண்டிப்பும் வேண்டும். வெட்டுவான் கோயிலுக்குச் செல்லும் வழியிலும் அதன் சுற்றுப் பாறைகளிலும் வந்துபோனவர்கள் தங்கள் பெயர்களைக் கீறி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டு எழுத்தின் பக்கத்தில் அதைப் பார்க்க நெஞ்சு வேகிறது. கூட்டமாகப் பிள்ளைகளை அனுப்பும்போது இந்தத் தீங்கு பெருகிவிடக் கூடாது. ஒரு வேளையில் இரண்டு அணிகளுக்கு மேல் அனுப்பாமல், நெகிழிப் பைகளைக் கீழேயே வாங்கி வைத்துக்கொண்டு, சிற்பங்களைத் தொடக் கூடாது என்று ஏறும் முன்பே சொல்லி அனுப்ப வேண்டும். எங்கள் பிள்ளைகள் இறங்கி வரும்போது, பிறர் போட்டுவிட்டுப் போயிருந்த தண்ணீர் பாட்டில்களையும் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். நான் சொல்லி அவர்கள் செய்யவில்லை.

ஊருக்குத் திரும்பிய பின் பிள்ளைகளைப் போட்டி அனுபவத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னேன். பதினாறு பேரில் பதினொருவர் முடிவில் என்ன கணக்கில் தோற்றோம் என்பதை எழுத மறந்திருந்தார்கள். குரத்தியரை ஒருவரும் மறக்கவில்லை. அந்தத் தாள்களை எங்கள் மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் இந்தக் கோரிக்கையோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த ஆண்டுப் போட்டிகளின் அட்டவணை இறுதியாவதற்கு முன்பு உரியவர்களின் பார்வைக்குச் செல்லும் வகையில் இந்தக் கடிதத்தை வெளியிட்டு உதவுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
விழுப்புரம் மாவட்டம்.